அரைப் பேர்

நேரக்காப்பாளர் அறையில்
கரும்பலகையைக் கழற்றிவிட்டுத் திரை மாட்டினார்கள்.
பலகை இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக நிற்கிறது.
சோக்குத் துண்டுகளை நான் இன்னும் எறியவில்லை.

பஸ்ஸுக்குள், புத்தருக்கும் பிள்ளையாருக்கும்
அந்தோனியாருக்கும் கீழே,
சவர்க்காரக்கட்டி அளவில் ஒரு பெட்டி.
"இது எந்தச் சாமி?" என்றார் ரணவீர அண்ணன்,
ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டபடி.
அன்றிலிருந்து ஐந்தே முக்கால் பொகவந்தலாவ பஸ்
எல்லார் போனிலும் ஒரு நீலப் புள்ளி.

கொழும்பு அனுப்பிய பட்டியலில் பத்தொன்பது தரிப்பிடம்.
பஸ் நிற்பதோ முப்பத்தெட்டில்.
பைப்படி. பழைய ஸ்டோரடி. நாய் கடிச்ச முடக்கு.
வரைபடத்தில் வெஸ்ட்பரி மேல்பிரிவு;
"ஒத்தமரம்" என்றால்தான் கண்டக்டர் மணி அடிப்பார்.
இரண்டு ராத்திரி உட்கார்ந்து
அத்தனையையும் தட்டிப் போட்டேன்.
ஒத்தமரத்துக்கு முந்திய முடக்குக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை.
அங்கே டவரும் இல்லை.
பாறைக்குப் பின்னால் போனதும் புள்ளி அப்படியே நின்றுவிடும்,
பதினோரு நிமிடம்.

குறைபாடு என்று படிவத்தில் எழுதினேன்.

சீசன் டிக்கெட்டுக்கு வந்த யோகமலர்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"அதச் சரி பண்ணிறாதீங்க மிஸ்.
புள்ளி நின்னாத்தான் நாங்க கெளம்புறது.
புள்ளைக்குச் சட்டைய மாட்டி, கதவச் சாத்தி,
நூத்திநாப்பது படி ஏற
பஸ்ஸும் வந்துரும்."

கொழுந்து காய்ந்த மாதங்களில் அவர்களுக்குக்
கீழ்ப்பிரிவு மலையில்தான் வேலை.
பெரட்டுக்குப் பிந்தினால் அரைப் பேர்.

படிவம் அதற்குள் போய்விட்டிருந்தது.
திருத்தியும் அனுப்பிவிட்டார்கள்:
சிக்னல் இல்லாத இடத்தில் இனிப் புள்ளி நிற்காது,
வேகத்தைக் கணித்துத் தானாக நகரும்.
திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது,
தண்ணீரில் விட்ட கடதாசிக் கப்பல் மாதிரி.

புதன்கிழமை மழை.
முடக்கில் மண் சரிந்து, கொழுந்து லொறி குறுக்கே நின்றது.
பஸ் அதன் பின்னால்.
புள்ளியோ லொறியைத் துளைத்து, மண்ணைத் துளைத்து,
ஒத்தமரத்தில் நிற்காமல்
கீழ்ப்பிரிவுக்கே போய்விட்டது.
பஸ் போயிருச்சு என்று ஒன்பது பேர்
குறுக்குப் பாதையில் இறங்கினார்கள், அட்டைக்கடியோடு.
அரை மணி கழித்து ரணவீர அண்ணன்
ஆளில்லாத ஒத்தமரத்தில் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார்.

அன்று செக்ரோலில் ஒன்பது அரைப் பேர்.

கொழும்புக்கு எழுத உட்கார்ந்தேன்.
அரைச் சம்பளம் என்று எழுதினால் விளங்கும்.
பாதி ஆளாக லயத்துக்குத் திரும்புவது
அதில் வராது.
அழித்தழித்து எழுதி, கடைசியில் போன் எடுத்தேன்.

இம்தியாஸ் என்ற பொறியியலாளர் தம்பி வந்தார்.
மடிக்கணினியை மடியில் விரித்தபடி
மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தார்.
முடக்கில் எல்லாம் செத்துப்போனது.
பதினோரு நிமிடம் ஜன்னலுக்கு வெளியே
பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.
"சரி" என்று மட்டும் சொன்னார் இறங்கும்போது.
சாந்தா கடையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது புள்ளி மறுபடி நிற்கிறது.
தனக்குத் தெரியாத இடத்தில் சாம்பல் நிறமாகிறது.
நீலத்தை விட அந்த நிறத்தை
நான் நம்புகிறேன்.

விட்டுப்போன அந்தக் கட்டத்தில்
"புள்ளி நிக்கிற முடக்கு" என்று தட்டினேன்.
முழுப் பேர்.
நேற்றுக் கண்டக்டர் அதைக் கூவினாராம்,
யாரோ இறங்கினார்களாம்.
வீடில்லை அங்கே, லயமில்லை,
ஒரு பாறையும் ஓடையும்தான்.

யார் என்று கேட்டேன்.
மழைக்குள் முகம் தெரியல என்றார்.